லிஃப்டரை மாற்ற ஹெட்டை ஏன் இறக்க வேண்டும்? டெட்ராய்ட் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, ஸ்டெல்லாண்டிஸ் (பழைய கிரைஸ்லர்) நிறுவனங்களின் எஞ்சின் வடிவமைப்பாளர்களுக்கும் உதிரிபாகப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

அமெரிக்கக் கார் பிரியர்களின் விசுவாசத்தைப் பற்றி உங்கள் விளம்பரக்காரர்கள் பேசும்போதெல்லாம் சைலன்சர் சத்தமும் குதிரைத்திறனும்தான் வரும். 2023 டிசம்பரில் கடைசி கமேரோவும் கடைசி வி8 சேலஞ்சரும் ஆலையிலிருந்து இறங்கியபோதும் அதே பேச்சுதான். இந்த வண்டிகளை வருடக்கணக்காகப் பிரித்துச் சேர்ப்பவர்களுக்குக் கேள்வி வேறு: கெட்டுப்போன பாகம் கழன்று வருமா, மாற்றுப் பாகம் கிடைக்குமா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்த வண்டிகளைத்தான் மூன்றாவது தலைமுறையும் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

1955-இல் 265 கன அங்குலத்தில் வந்த செவ்ரோலெட்டின் ‘ஸ்மால் பிளாக்’ வி8 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-இல் 283, 1962-இல் 327, 1967-இல் 350 என்று வளர்ந்தது. சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே 4.4 அங்குலம் என்ற அளவு மட்டும் மாறவில்லை. பின்னால் வந்த எல்எஸ் என்ற வி8 வரிசையிலும் அதுவே. ஒரு பாகம் அடுத்த எஞ்சினுக்கும் பொருந்த வேண்டும் என்று யாரோ பிடிவாதமாக நினைத்ததன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். எல்லாமே பொருந்தும் என்று நம்பிவிடவும் கூடாது. 1968 வரை வந்தது குட்டை வாட்டர் பம்பு, 1969 முதல் நீளமானது (கார்வெட் மட்டும் குட்டையோடு நின்றது). பம்பை மாற்றிவிட்டுப் பழைய புல்லிகளையே போட்டால் பெல்ட் கோணலாக ஓடி அறுந்துபோகும்.

அந்த எஞ்சினில் ஒரு லிஃப்டர் (கேம்ஷாஃப்ட்டின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் சின்ன உருளை) தட்டுகிறது என்றால் வேலை இவ்வளவுதான். டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சாக்பீஸால் குறித்துவிட்டு அதைத் தூக்குவது, இன்டேக் மானிஃபோல்டின் 12 போல்ட்டுகளைக் கழற்றுவது, வால்வை அமுக்கும் ராக்கரைத் தளர்த்தி, அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடை உருவுவது, லிஃப்டரைக் காந்தத்தால் எடுப்பது. வார்னிஷ் பிடித்திருந்தால் காந்தம் போதாது, அதற்கென்று புல்லர் உண்டு. திரும்பப் பூட்டும்போது டிஸ்ட்ரிபியூட்டரை அரைச் சுற்று மாற்றி வைத்துவிட்டால் கார்புரேட்டர் வழியே நெருப்பைத் துப்பும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு 1-8-4-3-6-5-7-2 வரிசையில் வயர்களைச் செருகினால் முடிந்தது. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைத் தொடவே தேவையில்லை.

2007 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் டிரக் எஞ்சின்களில் பரவலான சிலிண்டர் நிறுத்தும் ஏற்பாட்டுக்கு வருவோம். சீராக ஓடும்போது 1, 4, 6, 7 ஆகிய சிலிண்டர்களின் வால்வுகள் திறக்காமல் இருக்கும். அதற்காக அந்த எட்டு லிஃப்டர்களுக்குள் ஒரு பூட்டு முள் வைத்தீர்கள். இன்டேக்குக்கு அடியில் இருக்கும் மூடியின் சோலினாய்டுகள் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள்) எண்ணெய் அழுத்தத்தை அனுப்பினால் முள் உள்ளே போகும், அழுத்தம் விலகினால் திரும்பிவந்து பூட்டிக்கொள்ளும். அழுக்கு எண்ணெயோ தேய்மானமோ அந்த முள்ளைப் பாதியில் நிறுத்தினால் லிஃப்டர் அமுங்கிப்போய் டிக்டிக் சத்தமும் மிஸ்ஃபயரும் தொடங்கும். சில சமயம் புஷ்ராட் வளையும். ரோலரின் ஊசி பேரிங் உதிர்ந்தால் கேம்ஷாஃப்ட்டில் லிஃப்டரைத் தூக்கும் புடைப்பான லோபையே அரைத்துவிடும். அந்த இரும்புத்தூள் போகும் இடமெல்லாம் சேதம்.

இதையும் பொறுத்துக்கொள்ளலாம், எந்த இயந்திரத்திலும் ஏதோ ஒன்று தேயத்தானே செய்யும். பொறுக்க முடியாதது, நாலு நாலு லிஃப்டராகப் பிடித்திருக்கும் அந்தப் பிளாஸ்டிக் தட்டுகளை ஹெட்டுக்கு அடியில் வைத்தது. ஒற்றை லிஃப்டருக்காக ஹெட்டை இறக்க வேண்டும். இறக்கினால் ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இழுபட்டவை, மறுபடி போடக் கூடாது. கேஸ்கெட் புதிது. கூலண்ட் வடித்து நிரப்ப வேண்டும். எக்ஸாஸ்ட் மானிஃபோல்டின் பின்பக்கத் துருப்பிடித்த போல்ட் முறிந்தால் இன்னொரு நாள். 12 போல்ட் வேலை எங்கே, இது எங்கே!

விவரம் தெரிந்தவர்கள் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிடுகிறார்கள்: முள் இல்லாத சாதாரண லிஃப்டர்கள் 16, அவற்றுக்கேற்ற கேம்ஷாஃப்ட், சோலினாய்டு இல்லாத வெற்று மூடி, புதிய தட்டுகள், பிறகு கம்ப்யூட்டரில் அந்த வசதியை அணைப்பது. (பழுது பார்க்கும் ஸ்கேனரைச் செருகும் ஓபிடி துளையில் செருகி எட்டு சிலிண்டரையும் ஓடவைக்கும் சின்னப் பெட்டிகள் முள்ளுக்கு வேலை வைக்காது, அவ்வளவுதான்; கெட்ட லிஃப்டரை அவை சரிசெய்யாது.) இயந்திர வேலையாக இது நன்றாகவே நிற்கிறது. சிக்கல் கடைசிப் படியில். கலிபோர்னியாவின் புகைச் சோதனை 2021 ஜூலையிலிருந்து எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறது. வண்டி சுத்தமாகப் புகை விட்டாலும் மென்பொருள் வேறு என்றால் தோல்வி.

இங்கேதான் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்களிடம் நேராகக் கேட்கிறோம். 2021-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது, இதே ஏற்பாட்டின் கட்டுப்பாட்டு மாட்யூல் இல்லாமலேயே சில பிக்கப் டிரக்குகளைக் கட்டி விற்றீர்கள். காலனுக்கு ஒரு மைல் குறையும் என்று நீங்களே சொன்னீர்கள். ஆக, அது இல்லாமலும் சட்டப்படி ஓட முடியும். ஈ-ராட் என்ற பெயரில் எல்எஸ் எஞ்சின், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கி, கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் அனுமதி எண்ணோடு பழைய கார்களுக்கு விற்றவர்களும் நீங்கள்தான். அந்த வழி தெரிந்த நிறுவனம், கேம், லிஃப்டர், மூடி, கம்ப்யூட்டருக்கான அளவுத்திருத்தக் கோப்பு நான்கையும் ஒரே பாக எண்ணில் போட்டு, அனுமதி எண் வாங்கித் தர ஏன் தயங்க வேண்டும்? இந்த மடலில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஸ்டெல்லாண்டிஸின் 5.7 லிட்டர் ஹெமி வி8 எஞ்சினிலும் நிறுத்தப்படுவது அதே நான்கு சிலிண்டர்கள், ஏறக்குறைய அதே நோய். ஸ்டெல்லாண்டிஸ்காரர்களும் நிமிர்ந்து உட்காரலாம்.

பழைய வண்டிகளை நாங்கள் சாமியாக்கவில்லை. அவற்றின் குற்றங்கள் எங்களுக்கு மனப்பாடம். கிரைஸ்லர் கார்களில் ஆல்டர்நேட்டர் மின்சாரம் முழுக்க ஃபயர்வால் கனெக்டர் வழியாக உள்ளே போய், டாஷ்போர்டு அம்மீட்டரைச் சுற்றிவிட்டுத் திரும்பும். முனைகள் கறுத்தால் சூடாகும், சூடானால் பிளாஸ்டிக் உருகும். ஆல்டர்நேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு 10 கேஜ் வயரும் அதன் முனையில் 14 கேஜ் ஃப்யூசிபிள் லிங்க்கும் போட்டால் பெரும்பாலான சுமை உள்ளே போகாது. அதன்பின் அம்மீட்டர் முள்ளை நம்பக் கூடாது, வோல்ட் மீட்டர் வைக்க வேண்டும். ஃபோர்டு 302 எஞ்சினில் 1980 வரை வெளிச் சமநிலை (அதிர்வைத் தடுக்க ஃப்ளைவீல் போன்றவற்றில் வைக்கும் எடை) 28 அவுன்ஸ்-அங்குலம், அதன்பின் 50. பழைய எஞ்சினுக்குப் புதிய ஃப்ளைவீலைப் பூட்டினால் எல்லாம் சரியாக உட்காரும், ஸ்டார்ட் செய்தால் வண்டியே உதறும்.

அடியில் ரோலர் இல்லாத தட்டை லிஃப்டர் கேம்களின் கதை இன்னும் நுட்பமானது. லோபில் மயிரிழை அளவு சரிவு, லிஃப்டர் அடியில் மயிரிழை அளவு குவிவு. அதனால்தான் லிஃப்டர் சுழல்கிறது. சுழற்சி நின்றால் சில நிமிடங்களில் லோப் தேய்ந்துவிடும். புதிய கேமுக்கு மாலிப்டினம் பசை தடவி, முதல் ஸ்டார்ட்டிலேயே பிடிக்கும்படி டைமிங்கும் பெட்ரோலும் தயாராக வைத்து, 2000-க்கும் 2500-க்கும் இடையே ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம் ஓட்ட வேண்டும். ஐட்லிங்கில் விட்டால் எண்ணெய் தெறிப்பு போதாது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காக்க, 2004-இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்எம் எண்ணெய்த் தரம் மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரஸை 800 பிபிஎம்முக்குள் நிறுத்தியது. துத்தநாகமும் அதோடு குறைந்தது. அதனால் இந்தக் கேம்களுக்கு 1200 பிபிஎம் அளவில் இருக்கும் எண்ணெயாகத் தேடி ஊற்றுகிறோம்.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. ஜெனரல் மோட்டார்ஸ்காரர்களே, 2021 முதல் 2024 வரையிலான 6.2 லிட்டர் எஞ்சின்களை 2025 ஏப்ரலில் திரும்ப அழைத்தீர்கள். அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகள். கிராங்க், கனெக்டிங் ராட் பேரிங் கோளாறு. சோதனையில் தேறிய எஞ்சின்களுக்கு மெல்லிய 0டபிள்யூ-20 எண்ணெய்க்குப் பதில் தடித்த 0டபிள்யூ-40 ஊற்றி, எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியையும் மாற்றிக் கொடுத்தீர்கள். மற்ற எஞ்சின்களும் எண்ணெயின் எந்தத் தடிப்பு வரை தாங்கும் என்ற அட்டவணையை மைலேஜ் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு வெளியிடலாமே.

விளக்கு, கம்ப்யூட்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1965 மஸ்டாங்கின் 7 அங்குல வட்ட விளக்கு 1940-இலேயே அமெரிக்காவில் தரமாக்கப்பட்ட அளவு. இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. இன்றைய எல்இடி விளக்கில் ஒரு டிரைவர் போர்டு போனாலும் முழு விளக்கையும் வாங்க வேண்டும், வாங்கியதை வண்டி ஏற்றுக்கொள்ள வைக்க ஸ்கேனர் வேண்டும். 2015-இல் ஒரு ஜீப்பைத் தொலைவிலிருந்து கைப்பற்றிக் காட்டியதும் 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதும் எங்களுக்கும் தெரியும். பூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2018-க்குப் பிறகான கிரைஸ்லர் குழும வண்டிகளின் பாதுகாப்பு வாயில், பழுதுக் குறியீட்டை அழிக்கக்கூட இணையத்தில் ஒரு சர்வரின் அனுமதியைக் கேட்கிறது. அந்த சர்வர் 2050-இல் இருக்குமா? வண்டி இருக்கும். உற்பத்தி நின்று 15 வருடம் ஆன மாடல்களுக்கு, உரிமையாளர் ஆவணத்தைக் காட்டினால் இணையம் இல்லாமலே மாட்யூலைப் பதியும் கருவியைக் கொடுங்கள். காயலான் கடையில் கழற்றிய மாட்யூலும் அதில் பதிவாக வேண்டும்.

கடைசியாக, கைவிடப்படும் பாகங்கள். முதல் தலைமுறை மஸ்டாங்கின் முழு இரும்பு உடலையே புதிதாக வாங்க முடிகிறது, ஃபோர்டு உரிமம் கொடுத்ததால். அதையே 2010-களின் வயரிங், சென்சார், பிளாஸ்டிக் கூலண்ட் குழாய்களுக்கும் செய்யுங்கள்: ஒரு பாகத்தை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் இரண்டு வருடம் முன்பே அறிவியுங்கள், வரைபடத்தை உரிமத்தோடு விற்பனைக்கு வையுங்கள்.

1970 வரை கிரைஸ்லர் தன் கார்களின் இடதுபக்கச் சக்கரங்களின் ஸ்டட்டுகளுக்கு (நட்டு பூட்டும் திருகுகளுக்கு) எதிர்த்திசையில் இறுகும் இடது மரை போட்டது. தெரியாமல் இம்பாக்ட் கன்னை வழக்கமான திசையில் பிடித்து ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம். ஆனாலும் ஸ்டட்டின் நுனியில் ‘எல்’ என்று பொறித்து வைத்திருந்தார்கள். நீங்கள் எந்தத் திசையில் வேண்டுமானாலும் மரை வெட்டுங்கள், அந்த எழுத்தையும் பொறியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வி8 எஞ்சின்களைப் பிரித்துச் சேர்ப்பவர்கள்