பர்கூர் மலைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், தாமரைக்கரை, தட்டக்கரை, கொங்காடை முதலிய ஊர்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு சங்கத்தின் பெரும்பகுதி உழைப்பு சாதிச் சான்றிதழ் கோரிக்கைக்கே செலவாயிற்று. அட்டவணைப் பழங்குடியினர் பட்டியலில் நம் ‘மலையாளி’ இனத்தார் தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் மட்டுமே பழங்குடியினர் என்று குறிக்கப்பட்டுள்ளனர். முன்பு கோயம்புத்தூர் மாவட்டத்தின் பவானி வட்டத்தில் இருந்து, 1979-இல் ஈரோடு மாவட்டத்திற்கு வந்து, இன்று அந்தியூர் வட்டத்தில் அடங்கும் நம் மலை அப்பட்டியலில் இல்லை. வட ஆற்காடு, தென் ஆற்காடு என்னும் மாவட்டங்கள் வரைபடத்திலிருந்தே மறைந்துவிட்டன. ஆயினும் பட்டியலில் அப்பெயர்கள் நின்று அங்குள்ள நம் உறவினர்களைக் காக்கின்றன. சேலம் மாவட்டத்துப் பாலமலையில் பிறந்த பெண் பழங்குடி. அவள் மணமுடித்து வந்து இங்கே பெற்ற பிள்ளை பழங்குடி அன்று. இந்த முரணை விளக்கி அலுவலகங்களுக்கு மனு கொடுத்தோம். மலையாளி என்றதும் கேரளத்திலிருந்து வந்தவர்களா என்று கேட்பவர்கள் இன்றும் இருப்பதால், நம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறினர் என்ற மரபையும் மனுவில் எழுதினோம்.

சான்றிதழ் இல்லாமையால் பிள்ளைகளின் மேற்படிப்பு தடைப்படுவதை நாம் அனைவரும் அறிவோம். வன உரிமைச் சட்டத்திலும் அதே இடர் உண்டு என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. 2006-ஆம் ஆண்டின் அச்சட்டப்படி காட்டு நில உரிமை பெறப் பழங்குடியினர் 13-12-2005-க்கு முன் அந்நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்களோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். பட்டாவே காணாத பாட்டன்களுக்கு எந்தத் தாளைக் காட்டுவது? ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் விதிகளின்படி சான்றாகும் என்பதால் அவற்றை எழுதித் தொகுக்கத் தொடங்கியுள்ளோம்.

மேய்ச்சல் உரிமை குறித்தும் கவலை நீடிக்கிறது. வெள்ளைத் திட்டுகளோடு செந்நிறத்தில் இருக்கும் பர்கூர் மாடு காட்டுப் பட்டியில் அடைபட்டு, காட்டிலேயே மேய்ந்து வளரும் இனம். தொழுவத்தில் கட்டித் தீனி போட்டு அதைக் காப்பாற்ற இயலாது. 2022-இல் உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்துப் பின்னர் அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவில் சுருக்கியது. 2024-இல் நம்மைச் சூழ்ந்த காப்புக்காடுகளே தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாயின. யானையும் புலியும் வாழ இடம் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. எனினும் வன உரிமைச் சட்டத்தின்கீழ் சமூக மேய்ச்சல் உரிமையைக் கிராமசபைத் தீர்மானத்தின் வழியே முறைப்படி கோருவது அவசரமாகிவிட்டது.

சாலையைப் பொறுத்தவரை, மழைக்காலத்தில் செட்டிநொடி அருகே மண் சரிந்தால் அந்தியூர் செல்லும் வழியே அடைபடுகிறது. நிலையான தடுப்புச் சுவர் வேண்டும் என்று மீண்டும் விண்ணப்பித்துள்ளோம்.

வாக்குமூலங்கள் இன்னும் வராத ஊர்களின் பெரியவர்கள் இன்றே செயற்குழுவிடம் நாள் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கிராமசபைக்கு முன் அனைத்தும் நம் கையில் இருக்க வேண்டும்.