கார்டிகன் பிரபு தப்பித்த வழக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசியுடன் எழுதுவது. கிரிமியப் போரில் ஆங்கிலேயர் ரஷ்யரோடு மோதிய பாலகிளாவா சண்டையைப் பற்றிப் படித்துவிட்டு, அங்கே ஆங்கிலேயக் குதிரைப்படையை நடத்திச் சென்ற கார்டிகன் பிரபு மகா வீரர் என்று எழுதியிருக்கிறாய். நான் மறுக்கவில்லை. 1854 அக்டோபர் 25 அன்று, மூன்று பக்கமும் ரஷ்யப் பீரங்கிகள் நின்ற பள்ளத்தாக்கில், ஏறக்குறைய 670 குதிரைவீரர்களுக்கு முன்னால் திரும்பியே பார்க்காமல் போனவர். பீரங்கிகள் இருப்பதை தன் மேலதிகாரியும் மைத்துனருமான லூக்கனிடம் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். (இரவில் தூங்கியதென்னவோ சொந்த உல்லாசப் படகில்!) ஆனால் அம்மாடி, லண்டனில் சட்டம் படிக்கிறவள் அவருடைய 1841 வழக்கை அல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும்?

ஒரு குதிரைப்படைப் பிரிவின் தலைமையை அவர் விலை கொடுத்து வாங்கினார். அப்போது அது சட்டப்படி செல்லும், 1871-இல்தான் ஒழித்தார்கள். வாங்கிய பிறகு அதிகாரிகளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. இந்தியாவில் பணியாற்றி வந்தவர்கள் என்றாலே இளக்காரம். விருந்து மேசையில் கறுப்பு பாட்டிலில் மது வைத்த விவகாரத்தை ஒரு கேப்டனின் கைது வரை கொண்டுபோனவர்.

அந்தப் படையில் முன்பு இருந்த கேப்டன் ஹார்வி டக்கெட் அவரைச் சாடிப் பத்திரிகைக்கு எழுதினார். 1840 செப்டம்பரில் விம்பிள்டன் திடலில் இருவருக்கும் துப்பாக்கிச் சண்டை, டக்கெட்டுக்குக் காயம். அங்கிருந்த காற்றாலைக்காரர் காவலரும்கூட, விடுவாரா? பிடித்துவிட்டார், வழக்காயிற்று. குற்றம்சாட்டப்பட்டவர் பிரபு என்பதால் விசாரணை நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையிலேயே நடந்தது.

குற்றப்பத்திரிகையில் ‘ஹார்வி கார்னெட் ஃபிப்ஸ் டக்கெட்’ என்று முழுப் பெயர். சாட்சியத்தில் வந்ததோ வெறும் கேப்டன் ஹார்வி டக்கெட். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை! நான் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்தபோது, இனிஷியல் பொருந்தவில்லை என்று மனுக்களைத் திருப்பிக் கொடுத்து ஏழை எளியவர்களிடம் எத்தனை வசவு வாங்கியிருக்கிறேன்! அங்கே அதே ஓட்டை வழியாக ஒரு பிரபு மீசை கலையாமல் வெளியே வந்துவிட்டார். சபையினர் ஒவ்வொருவராக எழுந்து, மார்பில் கைவைத்து, ‘குற்றவாளி அல்ல, என் மானத்தின்மேல் ஆணை’ என்றார்கள். கிளீவ்லாந்து கோமகன் மட்டும் ‘சட்டப்படி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கிழவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பெயரை நிரூபிக்காமல் விட்டது கவனக்குறைவா, கண்டும் காணாததா? உன் பேராசிரியரிடம் கேட்டு விவரமாக எழுது. அம்மா சத்துமாவு வறுத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் பார்சல் வரும்.

இப்படிக்கு,
அப்பா