கூரையில் சூடு இருக்கிறது, குளியலறைக்கு வரவில்லை

ஆசிரியர் அவர்கட்கு,

வீட்டுக்கூரை சோலர் பற்றி இந்நாட்களில் பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் மின்சாரத்தைப் பற்றியே இருக்கிறது. அலகுக்கு என்ன விலை கிடைக்கும், பற்றரி வாங்கலாமா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது; வெயிலால் நேரே தண்ணீரைச் சூடாக்கும் சோலர் ஹீற்றரைப் பற்றிப் பேச்சில்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தொகுதிகளைப் பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. மதியத்தில் மின்சாரம் மிஞ்சுகிறது, மாலை 6.30 முதல் 10.30 வரை தட்டுப்படுகிறது. அந்த நேரத்தில்தான் கொழும்பில் வீடு வீடாக 3.5 கிலோவோட் ஷவர் ஹீற்றரைப் போட்டுக் குளிக்கிறோம். பகல் வெயிலை இரவுக்கு எடுத்து வைக்க, நன்றாகப் போர்த்திய ஒரு சுடுதண்ணீர்த் தாங்கியைவிட எளிய வழி இல்லை. 100 லீற்றர் தண்ணீரை 27 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ 3.8 அலகு மின்சாரத்துக்குச் சமமான சூடு அதற்குள் அடங்கும்.

அப்படியிருந்தும் இங்கே பலர் சோலர் ஹீற்றரைப் போட்டுவிட்டு, “அது சரிவராது” என்று கைவிட்டிருக்கிறார்கள். குற்றம் வெயிலில் இல்லை. அளவிலும் பைப் வேலையிலும்தான் இருக்கிறது.

முதலில் அளவு. கடையில் லீற்றர் கணக்கில்தான் விற்கிறார்கள்: 200, 300. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 40 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர் என்று வைத்தால், 40 பாகையில் 160 லீற்றர். கொழும்பில் பைப்பில் வரும் தண்ணீரே 27 பாகை இருப்பதால், அதில் 60 பாகைச் சுடுதண்ணீரின் பங்கு 63 லீற்றர்தான். 100 லீற்றர் தாங்கியும், வெயிலை வாங்கித் தண்ணீரைச் சூடாக்கும் 2 சதுர மீற்றர் தட்டைச் சேகரிப்பானும் இந்த வீட்டுக்குத் தாராளம். ஒரு நாளில் மிச்சமாவது 2.4 அலகு, மாதத்துக்கு 73 அலகு அளவில். மின்கட்டணப் பட்டியலில் கடைசிப் படியில் நிற்கும் அலகுகளே முதலில் குறைகின்றன. அதுதான் விலை கூடிய படி.

200 லீற்றர் வாங்கினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பார்கள். பாவிக்காத தண்ணீர் மாசி, பங்குனி வெயிலில் 80 பாகையைத் தாண்டும். வெற்றிடம் அடைத்த கண்ணாடிக் குழாய்களால் சூடாக்கும் வகையில் சிலிக்கன் வளையங்கள் காய்ந்து வெடிக்கும், ஆவிக்குழாயால் கொதிதண்ணீர் பீறும். குழந்தைகளும் வயோதிபர்களும் உள்ள வீட்டில் இது விளையாட்டல்ல. 60 பாகைத் தண்ணீர் ஐந்து விநாடியில் தோலைச் சுட்டுவிடும். தாங்கியை 60 பாகைக்குக் கீழே வைப்பதும் சரியில்லை, நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி சாகாமல் தங்கக்கூடும். ஆகவே தாங்கியில் 60 பாகையும், வெளியே வரும் இடத்தில், அளவான சூட்டுக்குத் தானே குளிர்த்தண்ணீர் கலக்கும் வெப்பக் கலப்பு வால்வும் இருக்க வேண்டும். விலைமனுவில் முதலில் வெட்டப்படுவது இந்த வால்வுதான்.

கொழும்புக்குக் கண்ணாடிக் குழாயைவிடச் செப்புக் குழாய் ஓடும் தட்டைச் சேகரிப்பானே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. வெற்றிடக் குழாயின் பலம் குளிர் நாட்டில்தான். இங்கே வெளிக்காற்றே 30 பாகை. தட்டை வகை சூடு ஏற ஏறத் தானே இழக்கும், அளவோடு நின்றுகொள்ளும். குழாய் வகையில் தண்ணீர் கண்ணாடிக்குள்ளேயே நிற்கிறது. ஒன்று உடைந்தால் தாங்கி முழுவதும் கூரையில் கொட்டும். குழாய்நீர் வெட்டு நாளில் இது அடிக்கடி நடக்கும்: மேல் தாங்கி வற்றி, கண்ணாடிக் குழாய் வெறுமையாகி, 200 பாகைக்கு மேல் காய்ந்து நிற்கும். நடுப்பகலில் தண்ணீர் திரும்பி வந்து குழாயில் விழுந்ததும் படாரென்று பிளக்கும். தண்ணீர் நின்றுவிட்டால் சோலர் தாங்கிக்குப் போகும் வால்வைப் பூட்டிவிட்டு, பொழுது சாய்ந்தபின் திறவுங்கள். ஏற்கனவே குழாய் வகை வைத்திருப்போர் குழாயின் அடி நுனியைப் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளிபோலப் பளபளப்பது வெண்மையாக மாறினால் வெற்றிடம் போய்விட்டது, அந்தக் குழாய் இனிச் சூடாக்காது.

இனிப் பைப். முறைப்பாடுகளில் அதிகம் வருவது: “கூரையில் கை வைக்க முடியாத சூடு, ஷவரில் பச்சைத் தண்ணீர்.” குளிர்ப் பக்கத்துக்கு அழுத்தப் பம்பியும், சுடுபக்கத்துக்குக் கூரைத் தாங்கியின் இயற்கை விழுச்சியும் கொடுத்திருப்பார்கள். 3 மீற்றர் உயரம் தருவது 0.3 பார் அழுத்தம்; பம்பி தருவது 1.5 பார், 2 பார். மிக்ஸரில் இரண்டும் சந்திக்கும்போது குளிர்த்தண்ணீர் சுடுபைப்புக்குள் ஏறித் தள்ளும். இரண்டு பக்கத்தையும் ஒரே மேல் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது இரண்டையும் ஒரே பம்பிக்குப் பிறகு எடுக்க வேண்டும். பின்னதற்கு அழுத்தம் தாங்கும் சோலர் தாங்கி வேண்டும். அழுத்தம் தாங்காத தாங்கியில் பம்பியைப் பூட்டினால் தையல் விட்டுப் பிளக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். சோலர் தாங்கியிலிருந்து இறங்கும் சுடுபைப்பின் வால்வைப் பூட்டுங்கள். குளியலறையில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறவுங்கள். தண்ணீர் சிறிது வடிந்து நின்றால் பைப் சரி. நிற்காமல் வந்தால் எங்கோ குளிர்த்தண்ணீர் கடந்து வருகிறது. அநேகமாக அது கழிப்பறையில் உள்ள கைத்தெளிப்பான்தான். மிக்ஸரின் இரு கைகளையும் திறந்தே விட்டு, தெளிப்பானின் விசையிலிருந்து கையை மட்டும் எடுத்துவிடுவார்கள். அந்த ஒரு மிக்ஸர் வழியாக வீட்டின் சுடுபைப் முழுவதும் குளிர்ந்துவிடும். மிக்ஸரின் இரு வழியிலும் ஒருவழி வால்வு போட்டால் தீரும்.

இயற்கை விழுச்சித் தொகுதியில் மேல் தாங்கியின் அடி, சோலர் தாங்கியின் தலைக்கு மேலே நிற்க வேண்டும். ஆவிக்குழாயின் வாய் மேல் தாங்கியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் இரவு பகல் வடிந்துகொண்டே இருக்கும். அழுத்தத் தொகுதியில் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று பைப் வேலை செய்யும் பாஸ்மார் அதன் வாய்க்கு மூடி போட்டு அடைப்பதுண்டு. அது குண்டைக் கூரையில் வைப்பதற்குச் சமம். சொட்டினால் வால்வை மாற்றுங்கள், ஒருபோதும் அடைக்காதீர்கள்.

சுடுதண்ணீருக்குச் சாதாரண பீவீசி பைப் ஆகாது, 60 பாகையில் இளகத் தொடங்கும். பச்சை நிற பீபீஆர் பிளாஸ்ரிக் பைப் நல்லது. ஆனால் அது சூட்டில் நீளும்: 10 மீற்றர் ஓட்டம் 40 பாகை ஏறினால் 6 சென்றிமீற்றர். நேராகச் சுவரில் இறுக்கி ஆணியடித்தால் முடுக்குகளில் விலகிக் கசியும். இடையில் ஒரு வளைவு விட வேண்டும். கறுப்பு நுரைப் போர்வையை வெயிலில் திறந்து விட்டால் இரண்டு, மூன்று வருடத்தில் பொடியாகும், மிச்சத்தைக் காகம் கொத்தும். மேலே அலுமினியத் தகடோ நாடாவோ சுற்றுங்கள். 25 மில்லிமீற்றர் பீபீஆர் 15 மீற்றரில் மூன்று லீற்றருக்கு மேல் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் அதைத் திறந்துவிட்டே சூட்டுக்குக் காத்திருக்கிறோம். தாங்கியைக் குளியலறைக்கு நேர் மேலே வைப்பது அழகுக்காக அல்ல.

வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைப் பக்கத்தில் வர்ணம் பூசிய இரும்புத் தாங்கு சட்டம் உப்புக்காற்றுக்கு நிற்காது. சூட்டில் முறையாக நாகம் (சிங்க்) தோய்த்த இரும்பு அல்லது அலுமினியம் கேளுங்கள். எனாமல் பூச்சுத் தாங்கிக்குள், அதைத் துருவிலிருந்து காக்க இருக்கும் மக்னீசியக் கோலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். விரல் தடிப்பில் இருந்தது கம்பியாகத் தேய்ந்திருந்தால் மாற்றும் நேரம். யாழ்ப்பாணத்தில் வீடு கட்டும் உறவினர்களுக்கு ஒரு சொல்: சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீர் சூட்டில் படிவு விடும், அங்கே கிணற்றுத் தண்ணீர் நேரடியாகச் சேகரிப்பானுக்குள் ஓடாத மூடிய சுற்று வகையே உகந்தது.

கூரை தெற்கு நோக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 7 பாகை அகலாங்கில் 10 முதல் 15 பாகைச் சாய்வில் திசையால் வரும் நட்டம் சிறிது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடிமழை வருவதால், மேற்குக் கூரையைவிடக் கிழக்குக் கூரை நல்லது.

இந்தச் சந்தை தானாக வளராது. இஸ்ரேல் 1980 இலேயே புதிய வீடுகளுக்குச் சூரிய சுடுநீரைச் சட்டமாக்கியது. சைப்பிரஸில் பெரும்பாலான வீடுகளில் உண்டு. ஆனால் 2013 ஐ ஒட்டி உலகச் சந்தை உச்சம் தொட்டு, சீனாவில் கேள்வி குறைய, இறங்கியது. வெயிலில் மின்சாரம் தரும் சூரிய மின் படலங்கள் மலிந்ததும் காரணம். கொழும்பில் ஏற்கனவே மின் படலம் பூட்டிய வீட்டுக்கு இரண்டாவது கூரைத் தொகுதி தேவையில்லை: 100 லீற்றர் கீசர், 1.5 கிலோவோட் சுருள், காலை 10 முதல் பகல் 2 வரை திறக்கும் நேர ஆளி போதும். அடுக்குமாடிகளில் மேல் மூன்று மாடிக்குச் சூரிய சுடுநீர் சரிவரும். கீழே போகப் போகப் பைப்பிலேயே சூடு போய்விடும். அங்கே நேர ஆளியோ, ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு சூடு தரும் வெப்பப் பம்பியோ மேல். தினமும் ஒரே அளவு சுடுதண்ணீர் எடுக்கும் ஹோட்டல், மருத்துவமனை, விடுதி, சலவைக்கூடம் ஆகியவற்றில்தான் சேகரிப்பான் தன் விலையை விரைவில் மீட்கும்.

மலையகம் வேறு கணக்கு. நுவரெலியாவில் தண்ணீர் 16 பாகையில் வருகிறது. அதே 160 லீற்றருக்கு ஏறத்தாழ 4.5 அலகு வேண்டும், கொழும்பைப்போல் இரு மடங்கு அளவு. வெற்றிடக் குழாய்க்கு உரிய இடமும் அதுதான். அறையைச் சூரியனால் சூடாக்குவது அங்கேயும் கட்டுப்படியாகாது. 2 கிலோவோட் ஹீற்றர் எட்டு மணிநேரம் எரித்தால் 16 அலகு. ஓர் அறைக்கே 7 சதுர மீற்றர் சேகரிப்பான் வேண்டும், பயன் சில மாதங்களுக்கு மட்டும். தகரக் கூரைக்குக் கீழே வெப்பக்காப்பு அடித்து, யன்னல் இடுக்குகளை அடைப்பதே முதல் வேலை.

அதிகாரிகளிடம் கேட்பது இரண்டு. புதிய அடுக்குமாடிகளுக்கு அனுமதி கொடுக்கும்போது, மேல் மாடிகளுக்குப் போர்த்திய சுடுபைப் இறங்கும் குழியையும் வரைபடத்தில் காட்டச் செய்யுங்கள். கட்டிய பிறகு கொங்கிறீற்றைத் துளைத்து வைக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டிக்கு நட்சத்திரச் சிட்டை பார்த்து வாங்கும் நமக்கு, சோலர் ஹீற்றரிலும் லீற்றருக்குப் பதிலாக ஒரு வெயில் நாளில் தரும் அலகு எத்தனை என்று பரிசோதித்த எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாங்குவோர் அதுவரை விற்பவரிடம் அந்த எண்ணை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சுடுநீர்த் தொகுதிகள் பொருத்தும் பொறியியலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.