தேர்தலுக்கும் தடை உத்தரவுக்கும் உரிமத் துப்பாக்கிகளை மொத்தமாக வாங்கி வைப்பதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு விவசாயி
(பெயர், முகவரி, உரிம எண் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: தேர்தல் அறிவிப்பு, தடை உத்தரவு போன்ற நாட்களில், வழக்கு எதுவும் இல்லாத உரிமதாரர்களிடமிருந்தும் எழுத்துமூல ஆணை இல்லாமல் துப்பாக்கிகளைப் பெற்று வைப்பது – சட்டப்படியான நடைமுறையைக் கட்டாயமாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தோட்டத்து வீட்டில் ஒற்றைக் குழல் 12 போர் (bore, குழலின் அளவு) துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கியது. அவர் காலமான பிறகு முறைப்படி விண்ணப்பித்து, காவல்துறை விசாரணை முடிந்து, என் பெயரில் உரிமம் வாங்கினேன். ராத்திரியில் நாய் விடாமல் குரைத்தால் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பேன். அதற்கு மேல் அதற்கு வேலை வந்ததில்லை. என் மீது வழக்கு கிடையாது, புகார் கிடையாது, எந்தக் கட்சியிலும் நான் இல்லை.

இருந்தும் 2019 நாடாளுமன்றத் தேர்தல், அந்த வருடக் கடைசியில் வந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல், 2021 சட்டமன்றத் தேர்தல், 2024 நாடாளுமன்றத் தேர்தல் என்று நான்கு முறை அந்தத் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய் வந்திருக்கிறது. நான்கு முறையும் ஒரே மாதிரிதான். ஒரு போன் வரும். "எலக்‌ஷன் அறிவிச்சாச்சுங்க, நாளைக்குள்ள கொண்டாந்து ஒப்படைச்சிருங்க." நோட்டீஸ் வராது. என்ன காரணம் என்று கேட்டால், "எல்லாருக்கும்தாங்க" என்பதுதான் பதில்.

2024-ல் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16 அன்று வந்தது. 18-ஆம் தேதி நான் ஒப்படைத்துவிட்டேன். ஏப்ரல் 19-இல் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஆனால் மற்ற மாநிலங்களில் ஏழு கட்டமாகத் தேர்தல் நடந்து, ஜூன் 4-இல்தான் ஓட்டு எண்ணினார்கள். அதன் பிறகும் இரண்டு முறை காவல் நிலையத்துக்கு நடந்துவிட்டு, ஜூன் 19-இல் என் துப்பாக்கியைத் திரும்ப வாங்கினேன். கணக்குப் பார்த்தால் 93 நாள்.

வாங்கப் போன அன்று பார்த்ததைத் தங்களிடம் சொல்ல வேண்டும். கழிப்பறையை ஒட்டிய ஒரு சின்ன அறை. ஜன்னல் இல்லை. முப்பது நாற்பது துப்பாக்கிகளை விறகு சாத்திவைப்பது போல மூலையில் சாத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சணல் கயிற்றில் ஒரு அட்டைத் துண்டு. என் அட்டையில் எண் பாதி அழிந்திருந்தது. கட்டையில் என் அப்பா கத்தியால் கீறி வைத்திருந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் இது என்னுடையது என்று சொல்ல முடிந்தது. வெளியே வந்து குழலை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே முழுக்கச் செந்துரு. மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணி விட்டு நான் துடைத்து வந்த குழல் அது. எடுத்துக்கொடுத்த காவலர் சின்னப் பையன். "வைக்க இடமே இல்லைங்ணா, நாங்க என்ன பண்ணட்டும்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த அறையில் அத்தனை துப்பாக்கிகளைக் கொண்டுபோய் வைத்த நடைமுறையின் மேல்தான் வருத்தம்.

அந்த நடைமுறை சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் படித்தேன். அங்கே இருப்பது இதற்கு நேர்மாறானது.

பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத் தொடர்ந்து, 2009-லேயே இந்தியத் தேர்தல் ஆணையம் இதற்கு வழிமுறை வகுத்துவிட்டது. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அடங்கிய ஆய்வுக் குழு உரிமங்களைப் பரிசீலிக்க வேண்டும். ஜாமீனில் வெளியே இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், கலவரத்தில், அதிலும் குறிப்பாகத் தேர்தல் காலக் கலவரத்தில் சம்பந்தப்பட்டவர்கள் ஆகியோரைக் கவனித்துப் பார்க்க வேண்டும். யாரிடம் துப்பாக்கியை வாங்குவது அவசியம் என்று குழு முடிவு செய்கிறதோ அவருக்குத் தனியாக நோட்டீஸ் தர வேண்டும். அவர் ஒப்படைத்தால் முறையான ரசீது தர வேண்டும். முடிவு அறிவித்து ஒரு வாரம் ஆனதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எல்லோரிடமும் வாங்குங்கள் என்று அதில் எங்கேயும் இல்லை. 2024 மார்ச்சில், அதாவது நான் வரிசையில் நின்று ஒப்படைத்த அதே மாதத்தில், அலகாபாத் உயர் நீதிமன்றமும் இதையே சொன்னது: பொதுவாக ஒரு உத்தரவு போட்டு எல்லா உரிமதாரரையும் ஒப்படைக்கச் சொல்ல முடியாது, குழு காரணத்தை எழுதித்தான் கேட்க வேண்டும்.

1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 17-ஆவது பிரிவும் அப்படித்தான். உரிமத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ வேண்டுமானால் எழுத்தில் ஆணை வேண்டும், காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். 18-ஆவது பிரிவில் மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது. ஆனால் போனில் வந்த பேச்சை எதிர்த்து நான் எங்கே மேல்முறையீடு செய்வது? ஆணை என்று ஒரு தாள் இருந்தால்தானே அதன் நகலை வைத்து மனு போட முடியும்? எனக்கு இருக்கிற உரிமை அந்த ஒரு தாள் இல்லாததால் இல்லாமலே போய்விடுகிறது.

அப்புறம், நிஜமான நெருக்கடி காலத்துக்கே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1983-இல் ஆயுதச் சட்டத்தில் 24-ஏ, 24-பி என்று இரண்டு பிரிவுகளைச் சேர்த்தார்கள். பொது அமைதி பெரிய அளவில் கெட்டுப்போன பகுதிகளுக்கானவை இவை. அங்கேகூட மத்திய அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும், எல்லையைக் குறிப்பிட வேண்டும், எந்த வகை ஆயுதம் என்று சொல்ல வேண்டும். காலமும் முதலில் 90 நாளுக்கு மேல் போகக் கூடாது, நீட்டிப்பதானால் தனியாக அறிவிக்க வேண்டும். கலவர பூமிக்கே 90 நாள் வரம்பும் இத்தனை நிபந்தனையும் என்றால், ஒரு சின்னத் தகராறுகூட இல்லாமல் ஓட்டுப் போட்டு முடித்த எங்கள் ஊரில் 93 நாள் வாங்கி வைத்தது எந்தக் கணக்கு?

அந்த இரண்டு பிரிவுகளிலும் இன்னொன்று இருக்கிறது. துப்பாக்கியை வைத்திருப்பதைப் பற்றிப் பேசுவது 24-ஏ. பொது இடத்தில் எடுத்துச் செல்வதைப் பற்றிப் பேசுவது 24-பி. இரண்டும் வேறு வேறு என்பது சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. 144 என்று நாம் பழகிய தடை உத்தரவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆவது பிரிவாக ஆகியிருக்கிறது. ஊரில் பதற்றம் என்று அந்த உத்தரவு போட்டு, துப்பாக்கியோடு யாரும் வெளியே வரக் கூடாது என்றால் நான் முழு மனதோடு கட்டுப்படுவேன். பதற்றமான கூட்டத்துக்குள் துப்பாக்கியோடு ஒருவர் நுழைவதை எந்த விவசாயியும் விரும்ப மாட்டார். ஆனால் வீட்டுப் பெட்டிக்குள் பூட்டி இருக்கும் துப்பாக்கிக்கும் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? வெளியே எடுத்து வராதே என்று சொல்ல வேண்டிய இடத்தில், வீட்டில் இருப்பதையே கொடு என்கிறார்கள்.

தோட்டத்து வீடு என்றால் என்ன என்பதைத் தலைமைச் செயலகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீடு என்பது எங்களுக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி. கத்தினால் கேட்காது. பிள்ளைகள் படிப்பு, வேலை என்று நகரத்துக்குப் போய்விட்டார்கள். வயதான இரண்டு பேரும் பட்டியில் ஆடும்தான் மிச்சம். 2024 நவம்பரில் பல்லடம் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கத்தில் இன்னொரு தோட்டத்து வீட்டில் வயதான தம்பதி கொலை செய்யப்பட்டுக் கிடந்தது தெரியவந்தது. அவை தேர்தல் நாட்களில் நடந்தவை அல்ல. துப்பாக்கி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை, அப்படிச் சொல்வது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எந்தத் தோட்டத்திலும் இருட்டிய பிறகு கதவு திறந்து கிடப்பதில்லை. என் மனைவி ராத்திரி எழுந்து தாழ்ப்பாளை இரண்டு முறை பார்த்துவிட்டு வருகிறாள். இந்த நிலையில் அடுத்த தேர்தல் அறிவித்ததும் மறுபடி போன் வரும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

இன்னொரு நாட்டில் நடந்ததையும் சொல்கிறேன். 2005-இல் கத்ரீனா புயல் வந்து அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது, நெருக்கடி நிலையைச் சொல்லிப் பொதுமக்களின் துப்பாக்கிகளைப் போலீசார் வாங்கிக்கொண்டார்கள். பல பேருக்கு ரசீதுகூடக் கொடுக்கவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு அவற்றைத் திரும்ப வாங்க வழக்கு நடத்த வேண்டியிருந்தது. அடுத்த வருடமே, 2006-இல், பேரிடரைக் காரணம் காட்டிச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியைப் பறிமுதல் செய்யக் கூடாது என்று அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அங்கே துப்பாக்கி உரிமை. இங்கே அது உரிமம். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், அந்த நாட்டைப் போல நம் நாடு ஆக வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். நான் அதில் பார்ப்பது அந்த ரசீதைத்தான். அவசரம் என்று சொன்ன அன்று ஒரு துண்டுத் தாள் கொடுக்காமல் விட்டதால், சொந்தப் பொருளுக்குச் சொந்தக்காரன் என்று நிரூபிக்க மக்கள் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். அட்டையில் எண் அழிந்து, அப்பா கீறிய அடையாளத்தை நான் தேடி நின்ற அன்று அந்த ஊர்க்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

தேர்தல் நேரத்தில் துப்பாக்கி ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. அடிதடி வழக்கு உள்ளவர், போன தேர்தலில் வாக்குச்சாவடியில் தகராறு செய்தவர், ஜாமீனில் இருப்பவர் ஆகியோரிடம் கண்டிப்பாக வாங்கி வைக்க வேண்டும். முதல் நாளே வாங்க வேண்டும். நாளைக்கு என் மேலேயே அப்படி ஒரு வழக்கு வந்தால் என்னிடமும் வாங்கட்டும், ஏன் என்று நான் கேட்க மாட்டேன். எல்லோரிடமும் வாங்குவதால் யாரைக் கவனிக்க வேண்டுமோ அவரைக் கவனிக்க நேரமில்லாமல் போகிறது. தேர்தல் பந்தோபஸ்துக்கே ஆள் போதாத நிலையத்தில், எங்களைப் போன்றவர்களின் துப்பாக்கிக்கு அட்டை கட்டவும் பதிவேடு எழுதவும் இரண்டு காவலர்கள் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இதுதான். ஆய்வுக் குழு கூடி முடிவெடுக்காமல், காரணம் குறிப்பிட்ட தனி நோட்டீஸ் தராமல், எந்தக் காவல் நிலையமும் உரிமத் துப்பாக்கியைக் கேட்டு வாங்கக் கூடாது என்று அனைத்து ஆட்சியர்களுக்கும் காவல் ஆணையர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். நோட்டீஸ் தமிழில் இருக்க வேண்டும், யாரிடம் முறையிடலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துவதால், அதற்கும் இதே முறைதான் என்று அரசு சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிவிட வேண்டும்.

163-ஆவது பிரிவில் தடை உத்தரவு போடும்போது, பொது இடத்தில் ஆயுதம் எடுத்துச் செல்வதற்குத்தான் தடை, வீட்டில் உரிமத்தோடு வைத்திருப்பதற்கு அல்ல என்று உத்தரவிலேயே எழுத வேண்டும். வீட்டில் இருப்பதையும் வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், எந்த ஊர், எத்தனை நாள் என்று சொல்லி வாங்கட்டும்.

வாங்கும் துப்பாக்கிக்கு உரிம எண், துப்பாக்கியின் எண், அப்போதைய நிலை மூன்றும் எழுதி முத்திரை வைத்த ரசீது வேண்டும். காற்றோட்டமுள்ள, பூட்டிய அறையில் வைக்க வேண்டும். அப்படி அறை இல்லாத இடங்களில், உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் ஒப்படைக்கச் சட்டத்தில் இருக்கும் வழியை உரிமதாரருக்குச் சொல்லி, அந்தக் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும். முடிவு அறிவித்து ஒரு வாரத்தில், நாங்கள் கேட்டு அலையாமல், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று தகவல் வர வேண்டும். ஒப்படைக்கச் சொல்லி ஒரே நாளில் போன் போட முடிகிறது என்றால் இதற்கும் முடியும்.

2024-இல் நான் வாங்கிய ரசீதின் நகலும், துருப்பிடித்த குழலின் இரண்டு புகைப்படங்களும் இணைத்திருக்கிறேன். தாங்கள் நேரம் ஒதுக்கினால், எங்கள் பக்கத்து உரிமதாரர்கள் சிலரோடு நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன். அடுத்த தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பாகவே இந்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: உரிமத்தின் நகல், 2024 ஒப்படைப்பு ரசீதின் நகல், புகைப்படங்கள் 2.

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் தகவலுக்காக.