கேரவனுக்குப் பணம் வாங்கி, காருக்கான உதவியை அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
பாலிசிதாரர், ஈரோடு
(பெயர், முகவரி, பாலிசி எண் தனித்தாளில்)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
மோட்டார் காப்பீட்டுப் பிரிவு, சென்னை

பொருள்: சாலை உதவித் திட்டத்தின் கீழ் வண்டியை இழுத்துச் செல்ல மறுத்தது, சொந்தச் செலவில் கொடுத்த 16,000 ரூபாயைத் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் கேரவன் வண்டிக்கு உங்களிடம் மோட்டார் பாலிசி எடுத்தபோது, வழியில் வண்டி நின்றுபோனால் வந்து உதவும் சாலை உதவித் திட்டத்தையும் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொண்டேன். கடந்த மாதம் திம்பம் மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டது. உங்கள் திட்டத்தால் அது இருந்த இடத்தைவிட்டு ஒரு அடிகூட நகரவில்லை. வெளியில் ரெக்கவரி வண்டி பிடித்து, அந்தச் செலவைக் கேட்டு விண்ணப்பித்தேன். உங்கள் கிளெய்ம் பிரிவு மறுத்துவிட்டது. மறுத்ததற்குச் சொன்ன காரணங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது என்ன வண்டி என்று உங்கள் ஆட்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பாடி கட்டும் பட்டறையில் கொடுத்து, இரண்டு கட்டில், சமையல் மேடை, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, சின்னக் கழிவறை, கூரைமேல் ஏசி எல்லாம் வைத்துக் கட்டியது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்டிஓ ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். ஆர்.சி. புத்தகத்தில் கேம்பர் வேன், சொந்த உபயோகம் என்றுதான் பதிவாகியிருக்கிறது. நீளம் 6 மீட்டருக்கு மேல். மொத்த எடை 4,200 கிலோ. பின்சக்கர இழுவை, அதாவது எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குப் போகும் வகை. இதில் எதையும் நான் மறைக்கவில்லை. பாலிசி எடுக்கும்போதே ஆர்.சி. நகலை அனுப்பிவிட்டேன்.

இந்த மாதிரி வண்டிக்குச் சாலை உதவி எடுப்பதில் நிறையப் பார்க்க வேண்டியிருக்கிறது, நானும் பார்த்துத்தான் எடுத்தேன். சாதாரண மோட்டார் பாலிசியிலேயே இழுத்துச் செல்லும் செலவு என்று ஒன்று உண்டு. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கட்டணம் நிர்ணயித்திருந்த டாரிஃப் காலத்திலிருந்து வரும் வரம்பு அது: சொந்தக் காருக்கு 1,500 ரூபாய், வணிக வாகனத்துக்கு 2,500 ரூபாய். அதுவும் விபத்தில் அடிபட்டால்தான் கிடைக்கும். கிளட்ச் போனாலோ டீசல் பம்ப் போனாலோ கிடையாது. வண்டி தயாரித்தவர்கள் தரும் சாலை உதவி வாரண்டியோடு முடிந்துவிட்டது. ஆண்டுச் சந்தா கட்டிச் சேரும் தனித் திட்டங்களையும் பார்த்தேன். ஒன்றில், கார்களுக்கு மட்டும் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். சரி, நேர்மையானவர்கள் என்று நினைத்துக்கொண்டு விலகிவிட்டேன். உங்கள் விளம்பரத் தாளில்தான் 'அனைத்து இலகு ரக மோட்டார் வாகனங்களுக்கும், இந்தியா முழுவதும், 24 மணி நேரமும்' என்று இருந்தது.

அதை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடவில்லை. உங்கள் விற்பனை அதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் வரிசையாகக் கேள்விகள் அனுப்பினேன். 4,200 கிலோ எடையை உங்கள் டோயிங் வண்டி தாங்குமா? முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கும் வண்டி வருமா, மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் வருமா? 50 கிலோமீட்டர் இலவசம் என்பதை என் வண்டி நின்ற இடத்திலிருந்து பட்டறைவரை எண்ணுவீர்களா, உங்கள் வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பி மறுபடி ஷெட்டுக்குத் திரும்பும்வரை எண்ணுவீர்களா? இது முக்கியமான கேள்வி. பின்னதாக இருந்தால் அந்த 50 கிலோமீட்டரில் எனக்குக் கிடைப்பது பாதிகூடத் தேறாது. மலைப்பாதைக்கு வருவீர்களா என்றும் கேட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்த பதில்: 'எல்லாம் கவர் ஆகும் சார்'. பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம். எந்தக் கேள்விக்கு அந்தக் கட்டைவிரல் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த உரையாடலை இணைத்திருக்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் வழியாக மைசூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். மேல் வளைவுகளில் ஒன்றில், முன்னால் போன லாரி திரும்ப முடியாமல் நிற்க, நாங்களும் ஏற்றத்தில் நின்று நின்று போக வேண்டியதாயிற்று. கிளட்ச் பிளேட் தீய்ந்த வாடை வந்தது. கியர் விழுகிறது, எஞ்சின் உறுமுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர்கள் இறங்கி வந்து வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, சக்கரத்துக்கு ஆளுக்கொரு கல்லாக அண்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே என் மனைவியும் எழுபது தாண்டிய மாமியாரும் இருந்தார்கள். மதியம் இரண்டரை மணி.

அப்போதே உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். எடுத்தவர் பின்கோடு கேட்டார். அப்புறம் தெருப் பெயர். பக்கத்தில் பெட்ரோல் பங்க் ஏதாவது உண்டா என்றார். காட்டுக்குள் இருக்கிறேன், ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது, அந்த எண்ணைச் சொல்கிறேன் என்றேன். கம்ப்யூட்டரில் அதற்கு இடம் இல்லையாம். கேரவன் என்றதும், 'ஷூட்டிங் வண்டியா சார்?' என்று ஆர்வமாகக் கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் கேரவன் என்றால் எல்லாருக்கும் சினிமாதான் ஞாபகம் வருகிறது. ஆனால் எடை, நீளம், எந்தச் சக்கரம் இழுக்கிறது என்ற மூன்றையும் நானாகச் சொல்லியும் அவர் எதையும் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்தச் சாலையில் நேரம் ஏன் முக்கியம் என்பதையும் சொல்கிறேன், சென்னையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 முதல் இரவுப் போக்குவரத்துத் தடை கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. பெரிய வண்டிகளை மாலையோடு பண்ணாரி சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள். அதற்குள் ஆள் வராவிட்டால் விடியும்வரை யானைகள் நடமாடும் இடத்தில்தான் கிடக்க வேண்டும். இதையும் போனில் சொன்னேன்.

நாலரை மணிக்கு வந்தது, நகரத்தில் நோ பார்க்கிங் கார்களைத் தூக்கிப் போகும் வகை வண்டி. ஓட்டி வந்த தம்பி இறங்கி, கேரவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். 'அண்ணா, கார்னு சொல்லித்தானுங்க அனுப்புனாங்க. இதைத் தூக்குனா என் வண்டி முன்னாடி எந்திரிச்சுக்குமுங்க' என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. முன்பக்கத்தைத் தூக்கினால் என் வண்டியின் நீண்ட பின்பகுதி தாழும். அங்கேதான் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது, வளைவில் திரும்பும்போது தரையில் உரசி உடையும். பின்சக்கரம் உருள உருள, அதை கியர்பாக்ஸோடு இணைக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றும், கூடவே கியர்பாக்ஸின் உள்ளே பாதி சுற்றும். எஞ்சின் ஓடாதபோது கியர் ஆயில் மேலே ஏறாது, பேரிங் தீய்ந்துபோகும். அதனால் ஷாஃப்டைக் கழற்றாமல் இழுக்கவே கூடாது. இதெல்லாம் போக, இறக்கத்தில் பின்னால் வரும் 4 டன் எடை முன்னால் போகும் சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். அந்தத் தம்பி மறுத்தது எங்கள் உயிரையும் சேர்த்துக் காப்பாற்றியதாகவே நினைக்கிறேன்.

அவர் கிளம்பிப் போன சற்று நேரத்தில் உங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: 'உங்கள் சேவை வெற்றிகரமாக நிறைவடைந்தது. எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

மறுபடி அழைத்தேன். கோரிக்கை முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது, புதிதாகப் பதிவுசெய்ய வேண்டும் என்றார்கள். பெரிய வண்டி எப்போது வரும் என்று கேட்டதற்கு, நாளை காலை பார்க்கலாம் என்று பதில். அப்படியானால் தங்கும் செலவைத் தருவதாக உங்கள் தாளில் இருக்கிறதே என்றேன். 'உங்க வண்டியிலேயே பெட் இருக்கே சார், அதுலயே தங்கிக்கலாமே' என்றார். புலிகள் காப்பகத்தில், இரவுத் தடை உள்ள சாலையில், அண்டைக் கல்லை நம்பி நிற்கும் வண்டிக்குள் எழுபது வயதுப் பெண்மணியைப் படுக்கவைக்கச் சொல்வது உங்கள் நிறுவனத்தின் கொள்கையா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

வழியில் நின்று விசாரித்த ஒரு வேன் டிரைவர் சத்தியமங்கலத்தில் லாரிகளை மீட்கும் ரெக்கவரி வண்டிக்காரரின் எண்ணைக் கொடுத்தார். அவர் வந்ததும் முதலில் கேட்டது, 'பின்வீல் டிரைவுங்களா?' என்றுதான். உங்கள் கால் சென்டர் கேட்கவே இல்லாத கேள்வி அது. தார்ப்பாயை விரித்துப் படுத்து, ஷாஃப்ட் போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டைக் கயிற்றால் சேஸிஸோடு கட்டிவைத்து, கெட்டியான இரும்புக் கம்பி மாட்டி மெதுவாக இறக்கினார். இருட்டுவதற்குள் பண்ணாரியைத் தாண்டிவிட்டோம். வண்டி சத்தியமங்கலம் பட்டறையில் சேர்ந்தது. 16,000 ரூபாய்க்கு ரசீது கொடுத்தார். வேலைக்கு அது நியாயமான கூலி என்பேன்.

இந்தத் தொகையைக் கேட்டதற்கு உங்கள் கிளெய்ம் பிரிவு மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறது. வண்டி 3,000 கிலோவுக்கு மேல் இருப்பதால் தகுதி இல்லை. இடம் அணுக முடியாத மலைப்பகுதி. முன் அனுமதி இல்லாமல் வெளியாளை அமர்த்தினேன்.

முதல் காரணத்தைப் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 2(21) சொல்வதன்படி 7,500 கிலோவரை இலகு ரக மோட்டார் வாகனம்தான். விளம்பரத்தில் அந்தச் சொல்லைப் போட்டு விற்றுவிட்டு, பாலிசி ஆவணத்தின் பின்னிணைப்பில், பொடி எழுத்தில் 3,000 கிலோ என்று குறுக்குவது எப்படி? அந்தப் பின்னிணைப்பு எனக்கு வந்தது பணம் கட்டிய பிறகு. தகுதி இல்லை என்றால், ஆர்.சி. நகலில் 4,200 என்று பார்த்த அன்றே சொல்லியிருக்கலாம். பிரீமியத்தை மட்டும் கேம்பர் வேன் என்றே போட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

இரண்டாவது காரணம் வேடிக்கையானது. அது தேசிய நெடுஞ்சாலை 948. கோவையிலிருந்து சாம்ராஜ்நகர் வழியாகப் பெங்களூருக்கு லாரியும் பஸ்ஸும் தினமும் ஓடும் ரோடு. அணுக முடியாத இடத்துக்குத்தான் உங்கள் தம்பி வந்து, சுற்றிப் பார்த்து, பேசிவிட்டுப் போனாரா? நீங்களே 'வெற்றிகரமாக நிறைவடைந்தது' என்று செய்தியும் அனுப்பினீர்களே?

மூன்றாவதற்குப் பதில், உங்கள் அழைப்புப் பதிவைப் போட்டுக் கேளுங்கள். நான் வெளியாளைப் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னதும், 'உங்க விருப்பம் சார்' என்று உங்கள் ஊழியர் சொன்னது அதில் இருக்கும். அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி இந்தக் கடிதத்தின் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியவை இவைதான். 16,000 ரூபாயை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். சாலை உதவிக்காகக் கட்டிய கூடுதல் பிரீமியத்தையும் ஜிஎஸ்டியோடு திருப்பித் தர வேண்டும், ஏனென்றால் உங்கள் விதிப்படியே என் வண்டிக்கு அந்தத் திட்டம் முதல் நாளிலிருந்து செல்லாது. எடை வரம்பு, பிளாட்பெட் உண்டா இல்லையா, கிலோமீட்டரை எங்கிருந்து எண்ணுவீர்கள் என்ற மூன்றையும் விளம்பரத் தாளின் முன்பக்கத்தில் போட வேண்டும். இன்னொன்று: வந்து பார்த்துவிட்டு வேலை செய்யாமல் திரும்பினால் கூலி கிடைக்காது என்று அந்த டோயிங் தம்பி சொன்னார். தவறான வண்டியை அனுப்பியது உங்கள் அலுவலகம், அவர் கூலியைப் பிடிக்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்தில் பதிவு செய்வேன். ஒரு மாதம் கடந்தும் தீராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் சென்னைக் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் இது சேவைக் குறைபாடு மட்டுமல்ல, சொன்னதொன்று கொடுத்ததொன்று என்பதால் நியாயமற்ற வணிக நடைமுறையும்கூட. ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகும் உரிமையையும் வைத்துக்கொள்கிறேன்.

பாலிசி அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி உங்கள் அலுவலகத்திலிருந்து தினமும் அழைக்கிறார்கள், எனக்குச் சலுகை விலையில் சாலை உதவி தருவதாகவும் சொல்கிறார்கள். இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும்வரை அந்த அழைப்புகளை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்

இணைப்பு: ஆர்.சி. நகல், விளம்பரத் தாள், வாட்ஸ்அப் உரையாடல், 'சேவை நிறைவடைந்தது' குறுஞ்செய்தி, ரெக்கவரி ரசீது, உங்கள் மறுப்புக் கடிதம்.