லண்டனில் வீடு தேடுவோர் முதலில் கேட்க வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு பிள்ளைகளோடு லண்டனுக்குக் குடிபெயர்வோர் எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம் என்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ஹாரோ, டூட்டிங் என்று பகுதிவாரியாக வாடகையையும், நகர மையத்துக்கு ரயிலில் ஆகும் நேரத்தையும், அருகிலுள்ள கோயில்களையும் நம் மளிகைக் கடைகளையும் கட்டுரையாளர் தொகுத்துத் தந்திருப்பது பயனுள்ளதே. ஆனால், அரசுப் பள்ளியில் படிப்பது குழந்தையின் உரிமை என்பதால் வீடு எங்கே அமைந்தாலும் பள்ளியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற பொருளில் அவர் எழுதியிருக்கும் ஒரு வரியை அப்படியே விட்டுவிட மனமில்லை. பள்ளியில் ஓர் இடம் கிடைக்கச் செய்வது அங்குள்ள கவுன்சிலின், அதாவது அந்தப் பகுதி உள்ளாட்சி நிர்வாகத்தின் கடமை என்பது உண்மைதான். அந்த இடம் நம் தெருவுக்கு அருகில் இருக்கும் என்றோ, அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே பள்ளியில் கிடைக்கும் என்றோ யாரும் உறுதி தருவதில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் வீடு எடுத்து ஏழு மாதம் அலைந்தவள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு முன்பு வரும் ரிசப்ஷனுக்கு, குழந்தைக்கு 4 வயது நிறைந்ததை அடுத்து வரும் செப்டம்பரில் சேர்க்கை. அதற்கு முந்தைய ஜனவரி 15-ஆம் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏப்ரல் 16-ஆம் தேதி முடிவு தெரியும். நம்மவர்களோ ஊரில் ஆண்டுத் தேர்வு முடிந்து, விசா கைக்கு வந்து, ஜூலையிலோ ஆகஸ்டிலோதான் விமானம் ஏறுகிறோம். அப்போது நல்ல பள்ளிகள் பெரும்பாலும் நிரம்பியிருக்கும். ரிசப்ஷன் முதல் இரண்டாம் வகுப்பு வரை ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று சட்டமே வரம்பு கட்டியிருப்பதால், தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசி ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் நம்மூர் வழக்கம் அங்கே செல்லாது. கெடு தேதி கடந்த பிறகு விண்ணப்பிப்பவர்களுக்கு, எந்தப் பள்ளியில் இடம் காலியாக இருக்கிறதோ அதைத்தான் கவுன்சில் காட்டும்.

எங்கள் மகளுக்கு அப்போது வயது 6, மகனுக்கு 4. கணவர் எங்களுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே சென்று, அலுவலகத்துக்கு ஒரே ரயிலில் போய்விடலாம் என்பதைப் பார்த்து, வடமேற்கு லண்டனில் ஓராண்டு ஒப்பந்தத்தில் வீடு எடுத்திருந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வாடகை முகவர்கள் எல்லோரும் ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்பதைத்தான் முதல் வரியில் போடுகிறார்கள். ஆனால் அந்த ரயிலில் ஏறியவர் ஒருவர் மட்டுமே. மற்ற மூவரும் நாள் முழுவதும் அந்தப் பகுதியில்தான் நடந்தோம். மகனுக்கு வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் பள்ளி கிடைத்தது. மகளுக்குக் கிடைத்த பள்ளி எதிர்த்திசையில், 2 மைலுக்குச் சற்றே குறைவான தூரத்தில் இருந்தது. 8 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 2 மைல் வரை நடக்கக்கூடிய தூரம் என்பது அங்குள்ள விதியின் கணக்கு. பொதுவாக அதற்கு மேல் இருந்தால்தான் இலவசப் போக்குவரத்து பற்றிப் பேசவே முடியும். இரண்டு மைல் என்பது மூன்றே கால் கிலோமீட்டர் என்பதை ஊரிலுள்ள வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இரு பள்ளிகளும் ஐந்து நிமிட இடைவெளியில் திறந்தன. அதனால் மகளைக் கட்டணம் செலுத்தி, பள்ளி திறக்கும் முன்பே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காலை உணவு கிளப்பில் சேர்த்து, 7.45 மணிக்கே விட்டுவந்தேன். டிசம்பரில் அந்த நேரத்தில் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். பேருந்தில் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்பது ஓர் ஆறுதல். தூக்கம் கலையாத மகனை ஒரு கையில் பிடித்து, அவன் காலால் உந்தி ஓட்டும் சிறு ஸ்கூட்டரைத் தோளில் தொங்கவிட்டு, திரும்பி வந்து 8.50-க்கு அவன் பள்ளி வாசலில் நிற்பேன். மாலையில் இதே ஓட்டம் தலைகீழாக நடக்கும். முதலில் மகன், பிறகு பேருந்து. நான் போய்ச் சேரும்போது மகள் பள்ளி அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் நீல நிற நாற்காலியில், கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி தனியாக உட்கார்ந்திருப்பாள். எனக்கு வேலை செய்ய விசாவில் அனுமதி இருந்தது. வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதற்கான நேரம்தான் இல்லை.

காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதே என்று கேட்கலாம். மகன் படிக்கும் பள்ளியின் பட்டியலில் மகளின் பெயரைப் பதிந்தபோது அவள் மூன்றாவது இடத்தில் இருந்தாள். அடுத்த மாதம் கேட்டபோது ஐந்தாவது இடம் என்றார்கள். தவறு நடந்துவிட்டது என்று நான் வாதாடினேன், தவறு ஏதுமில்லை. அங்கே பட்டியலில் முதலில் பெயர் கொடுத்தவர் முன்னால் நிற்பதில்லை. அதே பள்ளியில் உடன்பிறந்தோர் படிக்கிறார்களா, வீடு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பன போன்ற வரிசைப்படிதான் இடம் அமைகிறது. நமக்குப் பின்னால் வந்து நம்மைவிட அருகில் குடியேறிய குடும்பம் நமக்கு முன்னால் போய்விடும். தூரத்தையும் பெரும்பாலும் நடக்கும் பாதையை வைத்து அளப்பதில்லை, வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்கிறார்கள். பலரும் விரும்பும் பள்ளிகளில் சில நூறு மீட்டரிலேயே அந்தக் கோடு முடிந்துவிடுவதும் உண்டு.

ஆகவே, வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள் என்று இனிப் போகிறவர்களிடம் சொல்லி வருகிறேன். அந்தக் கவுன்சிலின் பள்ளிச் சேர்க்கைப் பிரிவைத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ தொடர்பு கொண்டு, பிள்ளையின் பிறந்த தேதியைச் சொல்லி, அந்த வயதுக்குரிய வகுப்பில் இன்று எந்தெந்தப் பள்ளிகளில் இடம் காலியாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்கும் பெற்றோருக்கு அந்த விவரத்தைத் தர வேண்டும் என்பது சேர்க்கை விதிகளிலேயே இருக்கிறது. பிறந்த தேதியைச் சொல்வது முக்கியம். ஊரில் யுகேஜி முடித்தாளா, ஒன்றாம் வகுப்பு முடித்தாளா என்பது அங்கே கணக்கில் வராது. இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக அதை ஒதுக்கி வைத்துக் காத்திருக்க மாட்டார்கள் என்பது மெய்தான். பெரும்பாலும் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டிய பிறகே விண்ணப்பத்தை ஏற்கிறார்கள். ஆயினும் இரண்டு பிள்ளைகளுக்கும் இடமுள்ள பள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதாவது தெரிந்துவிடும். அதற்கு அருகில் வீடு தேடலாம். கணவருக்கு ரயிலில் இருபது நிமிடம் கூடினால் கூடட்டும். அவர் உட்கார்ந்துகொண்டோ நின்றுகொண்டோதானே போகப்போகிறார்.

நம்மவர்கள் மிகுந்திருக்கும் பகுதி தேவையா என்ற கேள்விக்கு நான் கட்டுரையாளரோடு உடன்படுகிறேன், ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. முருங்கைக்காய்க்கு வாரம் ஒருமுறை பேருந்தில் போய்வரலாம். வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கும் அப்படியே. பள்ளியில் சேர்க்கும்போது தரும் படிவத்தில், பெற்றோரைத் தவிர அவசரத்துக்கு அழைக்கக்கூடிய இன்னொருவரின் பெயரையும் எண்ணையும் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுத எனக்கு ஒரு பெயர் இல்லை. அலுவலகத்தில் இருந்த பெண்மணி கனிவாகத்தான் கேட்டார். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது. மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், படிக்கட்டில் இரண்டு முறை மட்டுமே பார்த்துப் பேசியிருந்தவர், "என்ர பேரை எழுதுங்கோ, நான் வீட்டிலதான் இருக்கிறன்" என்று தாமாகவே சொன்னார். பிப்ரவரியில் நான் காய்ச்சலில் கிடந்த நான்கு நாட்களும் மகளை அவர்தான் கூட்டிவந்தார்.

வீட்டைப் பற்றி ஒன்று மட்டும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்க்காமல் வீடு எடுக்க வேண்டாம். குளிர்காலத்தில் சன்னல்களைச் சாத்திக்கொண்டு, ஹீட்டர் மீது துணி உலர்த்தி வாழும் வீடுகளில் ஓதம் ஏறிச் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடிக்கிறது. பூச்சு புதிதாக இருப்பது அது இல்லை என்பதற்கு அடையாளமாகாது. எங்கள் மகனுக்கு மூச்சிரைப்பு வந்த பிறகுதான் அந்த அலமாரியை நகர்த்தினோம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிகிறேன். அதில் வாடகைப் பட்டியலுக்கும் ரயில் நேரத்துக்கும் பக்கத்திலேயே, ஒவ்வொரு பகுதியும் எந்தக் கவுன்சிலின் கீழ் வருகிறது, அதன் பள்ளிச் சேர்க்கைப் பிரிவை எப்படித் தொடர்பு கொள்வது என்ற விவரங்களையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். லண்டன் என்பது ஒரே நிர்வாகமன்று. 32 கவுன்சில்களும் அவற்றோடு சிட்டி என்னும் பழைய நகரமும் சேர்ந்தது. தெருவின் இந்தப் பக்கம் ஒரு கவுன்சிலும் அந்தப் பக்கம் வேறொரு கவுன்சிலுமாக இருக்கும் இடங்களும் உண்டு என்பதால், ரயில் நிலையத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்தைக் கேட்பது என்று புதிதாக வருகிறவர்களால் கண்டுபிடிக்க இயலாது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
ஹாரோ, லண்டன்.