மூன்றாம் மாடியிலிருந்து, உண்ணி விஷயமாக, நம் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கும், ஏ பிளாக், பி பிளாக் குடித்தனக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற சுற்றறிக்கையைப் படித்தேன். நாய்களால் 'உண்ணிக் காய்ச்சல்' பரவும் ஆபத்து இருக்கிறதாம், அதனால் இனி நாய்கள் லிஃப்டில் ஏறக் கூடாதாம், மருந்து அடிக்கும் செலவையும் நாய் வளர்க்கிறவர்களே ஏற்க வேண்டுமாம். அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன், ஆனால் அதற்குள் எங்கள் பட்டாணியின் காதில் புண் வந்து, நாலு நாள் டாக்டர் வீட்டு வாசலிலேயே போய்விட்டது.

பட்டாணியை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வெள்ளைப் பொமரேனியன், ஐந்து கிலோ எடை, குரைப்பு மட்டும் ஐம்பது கிலோவுக்கு இருக்கும். நான் ஆபீஸில் இருந்த நேரம், அம்மா அதைக் கீழே கூட்டிப் போயிருக்கிறார். பார்க்கிங்கில் ஒருவர் அதன் காதுமடலில் உண்ணி இருப்பதைப் பார்த்துவிட்டு, உதவி செய்யலாம் என்று பெயின்டர்கள் வைத்துவிட்டுப் போன தின்னரைப் பஞ்சில் தொட்டு வைத்திருக்கிறார். அது விழவில்லை. அப்புறம் ஊதுபத்தி. நாய் உதற, காதுமடலில் சூடு பட்டு, கடைசியில் நகத்தால் பிய்த்ததில் உண்ணியின் உடம்பு நசுங்கி வாய்ப்பகுதி தோலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவர் யார் என்று எழுத மாட்டேன், அவர் மேல் கோபமும் இல்லை. தினமும் காலையில் பார்க்கிங் நாய்களுக்குப் பால் ஊற்றுகிற மனிதர் அவர். நம்மில் முக்கால்வாசிப் பேர் அவர் செய்ததைத்தான் செய்திருப்போம், எங்கள் பாட்டி ஊரில் மண்ணெண்ணெய் வைத்துத்தான் எடுப்பார்.

ஏன் கூடாது என்றால், உண்ணி கொசு மாதிரி குத்திவிட்டுப் பறக்கிற ஜந்து இல்லை. முட்கள் பின்னோக்கி நிற்கிற வாயைத் தோலுக்குள் செருகி, சுற்றிலும் பசை மாதிரி ஒன்றைச் சுரந்து கெட்டிப்படுத்திக்கொண்டு நாள்கணக்கில் அங்கேயே குடியிருக்கும். தின்னர், பெட்ரோல், வாசலின், நெருப்பு என்று எதை வைத்துத் தொந்தரவு செய்தாலும் அது உடனே வாயை எடுத்துவிடாது. அந்த எரிச்சலில் எச்சிலையும் குடித்த ரத்தத்தையும் திரும்ப நாயின் உடம்புக்குள்ளேயே கக்கிவிடலாம், நோய்க்கிருமி இருப்பது அதில்தான். வயிற்றைப் பிடித்து நசுக்கினாலும் இதே கதைதான்.

வயலில் மாட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையாக நிற்குமே உண்ணிக்கொக்கு, அதன் அலகைப் பாருங்கள். நமக்கு வேண்டியது அப்படி நுனி கூரான ஒரு முள்வாங்கி, அவ்வளவுதான். புருவம் திருத்துகிற பட்டை நுனி ட்வீசர் சரிப்படாது, அது உடம்பையும் சேர்த்து அழுத்தும். நாயை மடியில் வைத்துத் துண்டால் சுற்றி, முடிந்தால் இன்னொருவர் தலையை அணைத்துப் பிடித்து வாயருகே ஒரு பிஸ்கட் துண்டைக் காட்டிக்கொண்டிருக்கட்டும். சின்ன நாய் என்பதால் இழுத்து அமுக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு தடவை பயந்தால் அடுத்த தடவை காதைத் தொடவே விடாது. கையில் உறை போட்டு, நல்ல வெளிச்சத்தில் முடியை இரண்டு பக்கமும் விலக்கி, தோலை ஒட்டி, உண்ணியின் வாய் நுழைந்திருக்கிற இடத்தில் பிடித்து, நேராக மேல்நோக்கி, வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக இழுங்கள். தோல் கொஞ்சம் கூடாரம் மாதிரி எழும்பும், இரண்டு மூன்று விநாடியில் விட்டுக்கொடுக்கும். முள்வாங்கியால் முறுக்க வேண்டாம். பிளவுபட்ட நுனியுள்ள உண்ணிக் கொக்கி வாங்கியிருந்தால் மட்டும் அதை அடியில் செருகி மெதுவாகத் திருப்பி எடுக்கலாம், அது அதற்கென்றே செய்த சாமான்.

வாய்ப்பகுதி உள்ளே நின்றுவிட்டால் ஊசி எடுத்துக் குடையாதீர்கள். சின்னச் சிலாம்பு மாதிரி தோலே அதை வெளியே தள்ளிவிடும், வீங்கினால் டாக்டரிடம் காட்டினால் போதும் (பட்டாணிக்குச் சீழ் வைத்தது சூட்டுப் புண்ணால்). எடுத்த உண்ணியை நகத்தில் வைத்து நசுக்குகிற பழக்கத்தை, அந்த 'டப்' சத்தத்தில் ஒரு சுகம் இருந்தாலும், விட்டுவிடுங்கள். ஸ்பிரிட் ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டு மூடினால் செத்துவிடும். டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதில் பயனில்லை, அது அவ்வளவு சீக்கிரம் மூழ்கிச் சாகிற ஜந்து இல்லை. நாய் தானே கடித்து விழுங்கவும் விடக் கூடாது, உண்ணியை விழுங்குவதாலேயே தொற்றுகிற ஹெபட்டோஸூன் என்ற கிருமியும் இருக்கிறது. கடித்த இடத்தில் நீர்த்த பொவிடோன் அயோடின் ஒரு தொடுதல், கைக்குச் சோப்பு, முடிந்தது.

எங்கெல்லாம் தேட வேண்டும் என்றால், காதுக்குள், காது மடிப்பில், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில், கால்விரல் இடுக்கில், வாலின் அடியில், கண்ணிமை ஓரத்தில். குஞ்சு எள்ளளவுதான் இருக்கும், ஆறு கால். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்குக் கொட்டை மாதிரி ஆகிவிடும். லத்தீனில் ஆமணக்குக்கு ரிசினஸ் என்று பெயர் வந்ததே அது உண்ணி மாதிரி இருப்பதால்தான், நம் ஊர்க் கிழவிகளும் ரோமாபுரிக்காரர்களும் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. இன்னொன்று, சிரிக்காமல் கேளுங்கள், வயிற்றில் வரிசையாக இரண்டு பக்கமும் இருப்பது முலைக்காம்பு. ஆண் நாய்க்கும் உண்டு. கால் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முள்வாங்கியை வையுங்கள், உண்ணி என்று நினைத்துக் காம்பைப் பிடுங்கி நாயை அலற வைத்த கதை நிஜமாகவே நடக்கிறது.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், எர்லிக்கியா என்ற கிருமி உண்ணி கடிக்கத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே நாயின் ரத்தத்துக்குள் போய்விடும், 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்' என்று விடுகிற விஷயம் இல்லை. பபீசியா என்ற இன்னொரு கிருமி கொஞ்சம் மெதுவாக, ஒன்றிரண்டு நாளில் போகும். அது நமக்குப் பழைய சொந்தம். பபீசியா கிப்சோனி என்ற வகையை 1910-இல் பேட்டன் என்பவர் முதன்முதலில் விவரித்தது 'மெட்ராஸ் ஹன்ட்' வேட்டைநாய்களின் ரத்தத்தைப் பார்த்துத்தான். நூறு வருஷத்துக்கு மேலாக இந்த ஊர் நாய்களோடு இருக்கிற நோய் இது. உண்ணி எடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால், மூத்திரம் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சின்ன நாயின் உடம்பில் இருப்பதே கொஞ்சம் ரத்தம், நிறைய உண்ணி சேர்ந்தால் நோயே இல்லாமல்கூட ரத்தசோகை வந்துவிடும்.

சரி, இப்போது உங்கள் சுற்றறிக்கைக்கு வருகிறேன். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது ஸ்க்ரப் டைபஸை. அதைப் பரப்புவது நாயின் மேல் இருக்கிற உண்ணி இல்லை, புதரிலும் புல்லிலும் எலிகளை அண்டி வாழ்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்துபோனதால் வந்த குழப்பம். அதைப் பற்றி உண்மையிலேயே கவலை இருந்தால் பின்பக்கக் காலி மனையின் புதரையும் எலி வளையையும் பாருங்கள். நாய் உண்ணி மனிதனை ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. அபூர்வமாகக் கடிக்கும், கடித்தால் இந்திய உண்ணி டைபஸ் என்ற வேறொரு காய்ச்சல் வரவும் வாய்ப்புண்டு, அதனால்தான் வெறும் கையால் பிடுங்காதீர்கள் என்கிறேன்.

லிஃப்டைத் தடை செய்வதால் குறையப் போகிற உண்ணி எத்தனை? நம் கட்டடத்தில் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. மற்ற உண்ணிகள் பலவற்றுக்குப் புல்வெளி வேண்டும், இதற்கு வீட்டுச் சுவரே போதும். குஞ்சு, இளசு, பெரியது என்று மூன்று பருவத்திலும் ஒவ்வொரு தடவை நாய் மேல் ஏறிக் குடித்துவிட்டு இறங்கிவிடும், மீதி நாளெல்லாம் விரிசலில்தான் வாசம். பெண் உண்ணி மேல்நோக்கி ஏறி ஏதாவது இடுக்கில் 4,000 முட்டை வரைக்கும்கூட இட்டுவிட்டுச் செத்துப்போகும். படிக்கட்டுச் சுவரில் ஊர்ந்ததாக பி பிளாக் மாமி சொன்னது இதைத்தான். போன ஞாயிறு டார்ச் அடித்துப் பார்த்தேன், வாட்ச்மேன் அண்ணன் ரூமுக்கு வெளியே பூச்சு உதிர்ந்த சுவரிலும் மீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. அங்கேதான் பார்க்கிங் நாய்கள் கருப்பன், சீனி, ஒற்றைக்காதன் மூன்றும் படுக்கின்றன. வீட்டு நாயை மட்டும் குறிவைத்து என்ன பிரயோஜனம்? தவிர, லிஃப்டில் நாயை ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடைபோட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது, அந்த வரியை நீங்களே எடுத்துவிடுவது கௌரவமாக இருக்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். பார்க்கிங் சுவர் விரிசலைப் பூசுங்கள். மருந்து அடிக்கிறவரை ஒரு தடவையோடு அனுப்பாதீர்கள், முட்டையை மருந்து கொல்லாது, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் வர வேண்டும், அடித்த இடம் காயும்வரை நாய், பூனை, குழந்தை எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. மூன்று பார்க்கிங் நாய்களுக்கும் டாக்டர் எடை பார்த்துச் சொல்கிற உண்ணி மாத்திரைக்குப் பராமரிப்பு நிதியிலிருந்து பணம் ஒதுக்குங்கள், மாத்திரை போட்ட நாய் நடமாடும் உண்ணிப்பொறி, ஏறிக் கடிக்கிறதெல்லாம் சாகும்.

நாய் வளர்க்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாட்டுக்கு வாங்குகிற உண்ணி மருந்தைக் கணக்குப் பார்க்காமல் கலக்கிச் சின்ன நாயைக் குளிப்பாட்டாதீர்கள், அமிட்ராஸ் மாதிரி மருந்து அளவு தப்பினால் குட்டிகளையும் சின்ன ஜாதி நாய்களையும் சாய்த்துவிடும். பெரிய நாயின் மாத்திரையை உடைத்துக் கால்பங்கு கொடுப்பதும் அதே ரகம். வலிப்பு வந்த நாய் என்றால் எந்த மாத்திரை தருவதற்கு முன்னாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு விஷம், ஏ பிளாக்கில் பூனை வைத்திருக்கிற தம்பி கவனிக்கவும். கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய் தடவலாமே என்று கேட்டவருக்கு: நாய் தன்னையே நக்கும், கற்பூரம் அதன் வயிற்றுக்குள் போகும், வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பார்க்கிங்கில் இருப்பேன். கருப்பனுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டது, நல்ல பிள்ளை, ஆனால் அதன் இடது காதுக்குள் மட்டும் ஆறு உண்ணி எண்ணினேன். முள்வாங்கி, ஸ்பிரிட் பாட்டில், கையுறை, பிஸ்கட் எல்லாம் என்னிடம் இருக்கிறது. தலையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். பால் ஊற்றுகிற சார், அது உங்களிடம்தான் அடங்கி நிற்கும், நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
பட்டாணி வீட்டுக்காரர்கள், பி பிளாக், மூன்றாம் மாடி